வரிசையின் கடைசியில் ஒரு கணவர்

எட்வின்,

நீ அனுப்பிய பேனர் படத்தைப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறையும் பார்த்தேன். நடுவில் கைகூப்பியபடி நீ நிற்கிறாய். உனக்கு வலப்பக்கம் உன் சித்தப்பா மகன் செல்வம், வெள்ளை வேட்டியும் கட்சித் துண்டுமாக. கீழே இடது மூலையில், ரேஷன் கார்டுக்கு எடுத்த படம் போல, ரெஜினா. அவள் பெயருக்கு மேலே அதைவிடப் பெரிய எழுத்தில் 'எட்வினின் துணைவியார்' என்று போட்டிருக்கிறது. நம் ஊர் வார்டு இந்த முறை பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது, வேட்பாளர் உன் மனைவிதான் என்பது எனக்கு முன்பே தெரியும் என்பதால் புரிந்துகொண்டேன். தெரியாதவர்கள் பார்த்தால், கத்தாரில் ராஸ் லஃபான் எரிவாயு ஆலையில் வேலை பார்க்கும் நீயே லீவு போட்டுவிட்டுப் பேரூராட்சித் தேர்தலில் நிற்கிறாய் என்றுதான் நினைப்பார்கள்.

படத்தோடு வந்த உன் குரல் பதிவையும் கேட்டேன். "அம்மா, வியாழக்கிழமை ஊருக்குப் போறீங்கல்லா. போனதும் ரெஜினாகிட்ட நீங்க பேசுங்க. நான் சொன்னா எகிறுதா. பேருக்கு நின்னா போதும்மா. கூட்டம், ஆபீஸ், காண்ட்ராக்ட் எல்லாத்தையும் செல்வம் பாத்துக்கிடுவான். இவ கையெழுத்து மட்டும் போட்டாப் போதும். கட்சியில அப்படித்தான் பேசி சீட்டு வாங்கியிருக்கு. இல்லன்னா வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. நீங்க சொன்னா அவ கேப்பா." நான் சொன்னால் அவள் கேட்பாள் என்பது உண்மை. அதனால்தான் என்ன சொல்வது என்பதை யோசித்துச் செய்ய வேண்டியிருக்கிறது.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் நீ "சரிம்மா, சரிம்மா, டூட்டிக்கு டைம் ஆச்சு" என்பாய். எழுதினால் கடைசி வரை படித்தாக வேண்டும். இதை நம் பங்குக் கோயிலின் மாத இதழுக்கும் ஒரு பிரதி அனுப்புகிறேன். கோபப்படாதே. உன் பேனர் ஊர் முழுக்கத் தொங்கப்போகிறது என்றால், அதற்கு உன் தாயின் பதிலும் ஊருக்குத் தெரிவதில் தவறில்லை.

ஃப்ளாரன்ஸைப் பற்றி உனக்கு நான் சரியாகச் சொன்னதே இல்லை. உன் அக்கா ஷீலா வீட்டில் இருக்க ஷார்ஜாவுக்கு வந்த முதல் வருஷத்திலேயே அவளைத் தெரியும். உன் அத்தான் பென்னியின் கடைக்குப் பழைய வண்டிகளின் எஞ்சினும் கியர் பாக்ஸும் வாங்க ஆப்பிரிக்காவிலிருந்து வியாபாரிகள் வருவார்கள் அல்லவா, அவர்களில் ஒருத்தி. உகாண்டாக்காரி. ஜின்ஜா என்ற ஊரில் அவளுக்குச் சொந்தமாக உதிரிபாகக் கடை இருக்கிறது. ஐம்பதைத் தாண்டியவள். வந்தால் ஷார்ஜாவின் ரோலா பகுதியில் நம் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் சின்ன ஹோட்டலில்தான் தங்குவாள். ஒரு வெள்ளிக்கிழமை, கடை அடைத்திருக்கும் நேரம், சாப்பிட அழைத்து வந்தான் பென்னி. நான் கதவைத் திறந்தேன். திறந்த உடனே அந்தப் பெண் வாசலில் இரண்டு முழங்காலும் தரையில் பட உட்கார்ந்துவிட்டாள். கையில் இரண்டு போன், தோளில் பெரிய பை. எதையோ தவறவிட்டுவிட்டாள் என்று நினைத்து நானும் குனிந்து தரையைத் தேடினேன்.

"என்ன விழுந்துவிட்டது?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"ஒன்றும் விழவில்லை, மேடம். வணக்கம் சொல்கிறேன்," என்றாள். அவர்கள் பக்கத்தில் பெண்கள் பெரியவர்களுக்கும் ஆண்களுக்கும் அப்படித்தான் வணக்கம் சொல்வார்களாம். எனக்குப் பிடிக்கவில்லை. முழங்காலிடுவது ஆண்டவர் முன்னால் மட்டும்தான் என்று வளர்ந்தவள் நான். என் முகம் போன போக்கைப் பார்த்துப் பென்னி சிரித்தான். "அத்தை, இந்தம்மா கடையில பேரம் பேசும்போது நீங்க பாக்கணும். அங்க நாங்கதான் முழங்கால் போட்டுக்கிட்டு நிக்கோம்."

சாப்பிடும்போது தெரிந்தது, அவளும் என்னைப் போலக் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் படித்தவள். அவளும் நானும் ஒரே மாதிரி சாய்வெழுத்து எழுதுவோம். மீன் குழம்பை முள் எடுத்து ஒழுங்காகச் சாப்பிட்டாள். அன்றிலிருந்து எனக்கு அவள் ஃப்ளாரன்ஸ், அவளுக்கு நான் டீச்சர். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறை வரும்போதும் நம் வீட்டில் ஒரு நேரமாவது சாப்பிடாமல் போனதில்லை.

ஒருநாள் பேச்சோடு பேச்சாக, தன் கிராமத்தில் தலைவர் தேர்தலில் நிற்கப்போவதாகச் சொன்னாள். நான் வாழ்த்தினேன். வாழ்த்திய விதத்தில் கொஞ்சம் மேட்டிமை இருந்திருக்கும். எங்கள் நாட்டில் பெண்ணே பிரதமராக இருந்திருக்கிறார் என்று சொல்லி வைத்தேன். அவள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, பக்கத்து நாடான ருவாண்டாவின் நாடாளுமன்றத்தில் பாதிக்கு மேல் பெண்கள் என்றாள். தன் நாட்டில் ஒவ்வொரு மாவட்டமும் ஒரு பெண் உறுப்பினரைத் தனியாகத் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும் என்று சட்டம் இருக்கிறது என்றாள். செனகலில் வேட்பாளர் பட்டியலை ஆண், பெண், ஆண், பெண் என்று மாற்றி மாற்றித்தான் எழுத வேண்டுமாம். லைபீரியாவில் பெண் அதிபர் ஆண்டு முடித்து இறங்கியும் விட்டார் என்றாள். நான் சாதக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். புவியியல் பாடத்தில் எனக்கு நூற்றுக்கு நூறுதான். நைல், காங்கோ, தங்கம், வைரம், கோக்கோ எல்லாம் படித்திருக்கிறேன். அந்தக் கண்டத்தில் இப்படியும் பெண்கள் இருப்பார்கள் என்று எந்தப் பாடத்திலும் வரவில்லை. நானும் முப்பது வருஷம் அதே பாடத்தைத்தான் நடத்தினேன்.

"அதற்காக எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள், டீச்சர்," என்றாள். "பல இடங்களில் எங்களைப் பூச்சாடி என்று சொல்வார்கள். மேசை மேல் வைக்கலாம், போட்டோவில் அழகாக இருக்கும், பேசாது. நாற்காலி கொடுப்பது சட்டம். அதில் யார் உட்காருகிறார் என்பது வீட்டுக்குள் முடிவாகிற விஷயம்."

அவள் எதற்காக நின்றாள் என்பதையும் சொல்ல வேண்டும். அவர்கள் ஊரில் கிராமத் தலைவருக்குச் சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆனால் அவர் கையில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் இருக்கிறது. நிலம் விற்க, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஒருவரை அழைத்து வர, எல்லாவற்றுக்கும் அந்த ஸ்டாம்ப் வேண்டும். பழைய தலைவர் அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு சாராயக் கடையில் உட்கார்ந்திருப்பாராம். பெண்கள் சந்தைக்குப் போய்விட்டு வருவதற்குள் அவர்கள் பயிர் வைத்திருக்கும் நிலத்தைக் கணவன் விற்றிருப்பான். பத்திரத்தில் ஸ்டாம்ப் விழுந்திருக்கும். மனைவியைக் கேட்காமல் குடும்ப நிலத்தை விற்கக் கூடாது என்று அங்கே சட்டமே உண்டாம். "சட்டம் தலைநகரத்தில் இருக்கிறது, ஸ்டாம்ப் சட்டைப் பையில் இருக்கிறது," என்றாள்.

அந்தத் தேர்தல் நடக்கும் முறையைக் கேட்டபோதுதான் நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கிராம அளவில் வாக்குச் சீட்டும் கிடையாது, பெட்டியும் கிடையாது, எட்வின். ஒரு மைதானம். வேட்பாளர்கள் ஆளுக்கொரு பக்கம் நிற்பார்கள். வாக்காளர்கள் நடந்து போய்த் தாங்கள் விரும்பும் வேட்பாளருக்குப் பின்னால் வரிசையாக நிற்க வேண்டும். பட்டப்பகலில், ஊர் முழுக்கப் பார்க்க, கணவன் பார்க்க, மாமனார் பார்க்க, கடன் கொடுத்தவன் பார்க்க. அதிகாரி வரிசையோடு நடந்து தலைகளை எண்ணுவார். நீளமான வரிசை எதுவோ அவர் தலைவர்.

"அது எப்படி நியாயம்? பயப்படுகிறவர்கள் என்ன செய்வார்கள்?" என்று கேட்டேன்.

"நியாயம் என்று நானும் சொல்லவில்லை. பயப்படுகிறவர்கள் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். இல்லையென்றால் பயந்துகொண்டே வந்து நிற்பார்கள்."

நீயும் ஷீலாவும் அறியாத ஒன்றை அன்று அவளிடம் சொன்னேன். இப்போது உனக்கும் சொல்கிறேன். உன் அப்பா ஒவ்வொரு தேர்தலுக்கும் காலையில் ஷேவ் செய்தபடியே எந்தச் சின்னத்துக்குக் குத்த வேண்டும் என்று எனக்குச் சொல்வார். நான் "ம்" என்பேன். சாவடிக்குப் போய் என் மனத்துக்குச் சரியென்று பட்டதற்குக் குத்திவிட்டு வருவேன். ஒருமுறைகூட அவர் சொன்ன சின்னத்துக்கு நான் குத்தியதில்லை. மனிதர் கடைசி வரை, நம் வீட்டில் இரண்டு ஓட்டும் ஒரே கட்சிக்கு என்று ஊரில் சொல்லிக்கொண்டிருந்தார். அதைச் சொல்லிச் சிரித்தபோது ஃப்ளாரன்ஸும் மேசையைத் தட்டிச் சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "வரிசையில் நிற்க வேண்டியிருந்தால், டீச்சர்?"

 இன்னும் அந்தக் கேள்வி என்னிடம்தான் இருக்கிறது. ஒரு அட்டைத் தடுப்புக்குப் பின்னால் நின்று நான் காட்டிய துணிச்சலைத்தான் இத்தனை காலமும் துணிச்சல் என்று நினைத்திருந்தேன்.

அவள் அதற்கு முன் ஒருமுறை நின்று தோற்றிருந்தாள். தோற்ற கதைதான் உனக்கு முக்கியம், கவனமாகப் படி. அவள் கணவர் நல்ல மனிதர். பள்ளிக்கூட வாத்தியார், நாலு பேர் மதிக்கிறவர். மனைவி நிற்பதில் அவருக்குப் பெருமை. தேர்தலன்று எல்லோருக்கும் முன்னால் விரைந்து போய் அவள் முதுகுக்குப் பின்னால் முதல் ஆளாக நின்றுவிட்டார். தன் ஆதரவை ஊர் பார்க்கட்டும் என்ற எண்ணம். ஊர் பார்த்தது. பார்த்துவிட்டு, "ஓ, இது மாஸ்டர் வரிசையா? மனைவியை முன்னால் நிறுத்தியிருக்கிறாரா?" என்றது. அவரோடு வாய்க்கால் தகராறு உள்ளவர்கள் அந்தப் பக்கம் போனார்கள். அவர் பரீட்சையில் பெயிலாக்கிய பையன்களின் அப்பன்மார்கள் அந்தப் பக்கம் போனார்கள். அவளை நம்பி வந்த பெண்களும் தயங்கினார்கள். கணவனை எதிர்த்து ஒரு பெண்ணுக்குப் பின்னால் நிற்கலாம் என்று மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு வந்தவர்களுக்கு, அங்கே இன்னொருத்தியின் கணவன் முதுகுதான் கண்ணில் பட்டது. அதற்கு எதற்கு வீட்டில் அடி வாங்க வேண்டும் என்று கலைந்துவிட்டார்களாம்.

"அவர் ஒரு தப்பும் செய்யவில்லை, டீச்சர். இடம்தான் தப்பு," என்றாள்.

அடுத்த தேர்தல் வந்தபோது அவள் கணவரிடம் பேசியிருக்கிறாள். வீட்டில் இன்றும் அவருக்கு முழங்காலிட்டுத்தான் சாப்பாடு வைக்கிறாள். அன்றும் அப்படியே தட்டை வைத்துவிட்டு, முழங்காலில் இருந்தபடியே, "இந்த முறை நீங்கள் எல்லோரும் நின்று முடித்த பிறகு வாருங்கள். கடைசி ஆளாக நில்லுங்கள்," என்று சொன்னாளாம்.  அவர், "கடைசியில் நின்றால் உனக்கு என்னைத் தெரியவே தெரியாதே," என்றாராம். அவள், "எனக்குத் தெரிய வேண்டாம். அவர்களுக்கு நான் தெரிய வேண்டும்," என்றாளாம்.

அந்தத் தேர்தலை நான் பார்த்தேன், எட்வின். ரோலாவில் நம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பார்த்தேன். இந்த நாட்டில் வாட்ஸாப் அழைப்புக்குத் தடை என்பது உனக்குத் தெரியும். அதனால் ஃப்ளாரன்ஸின் தங்கை மகள் துண்டு துண்டாக வீடியோ எடுத்துப் பென்னிக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த பென்னி கடைக்குத் திரும்பவில்லை. கடையிலிருந்து வேலையாள் போன் செய்து, "பாய், கஸ்டமர் வந்திருக்கார், ஜல்தி வாங்க" என்றபோது, "அரை மணி நேரம் மாஃபி, கலாஸ்," என்று, வர முடியாது என்பதை அரபியில் சொல்லி வைத்துவிட்டான்.

முதல் துண்டில் மைதானம் மட்டும் தெரிந்தது. சிவப்பு மண். ஒரு பக்கம் பழைய தலைவர் தொப்பியும் கோட்டுமாக. மறுபக்கம் ஃப்ளாரன்ஸ், மஞ்சள் நிறத்தில், தோளில் கூம்பு வைத்துத் தைத்த அவர்கள் ஊர் உடுப்பில், இடுப்பில் பட்டைத் துணி கட்டி. பேரம் பேச வருகிற பெண்ணாகவே தெரியவில்லை. இரண்டாவது துண்டில் பழைய தலைவருக்குப் பின்னால் வரிசை நல்ல நீளம். இவளுக்குப் பின்னால் கையில் கூடையோடு சில சந்தைக்காரப் பெண்கள், ஒரு கிழவி, அவ்வளவுதான். ஃப்ளாரன்ஸ் திரும்பிப் பார்க்கவில்லை. வேட்பாளர் திரும்பிப் பார்த்தால் வரிசை கலங்கிவிடும் என்று எனக்குப் பிறகு சொன்னாள்.

"அத்தை, தோத்துருவா போலிருக்கே," என்றான் பென்னி.

"பேசாம இரு. அடுத்ததைப் போடு."

"இன்னும் வரலை. சுத்திக்கிட்டே இருக்கு."

மூன்றாவது துண்டு வந்தது. பழைய தலைவரின் வரிசையில் முதுகில் குழந்தையைத் துணியால் கட்டிய ஒரு இளம் பெண், தன் கணவனுக்குப் பின்னால் நின்றிருந்தாள். யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் அவள் வரிசையைவிட்டு ஒரு பக்கமாக நகர்ந்தாள். கணவன் திரும்பி ஏதோ சொன்னான். அவள் நடக்கத் தொடங்கினாள். இரண்டு வரிசைக்கும் நடுவே ஆளில்லாத வெறும் மண். அதில் அவள் ஒருத்தி மட்டும். வேகமாக நடக்கவில்லை, ஓடவில்லை. மைதானத்தில் சத்தமே இல்லை. குழந்தையின் கால் கொலுசு மாதிரி ஏதோ ஒன்றின் ஒலி மட்டும் கேட்டது. போய் அந்தக் கிழவிக்குப் பின்னால் நின்றாள். கையைக் கட்டிக்கொண்டு நேரே பார்த்தாள். அந்தத் தூரம் நம் கோயில் முற்றத்தின் அகலம்கூட இருக்காது. நான் வாழ்நாளில் எத்தனையோ பேருடைய பவனிகளையும் ஊர்வலங்களையும் பார்த்திருக்கிறேன். ஒரு மனிதப் பிறவி இவ்வளவு பெரிய தூரத்தைக் கடந்து நான் பார்த்ததில்லை. என்னை அறியாமல் எழுந்து நின்றிருக்கிறேன். "அத்தை, உக்காருங்க," என்று பென்னி சொன்ன பிறகுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு வந்த துண்டில் இன்னும் இரண்டு பேர் நடந்து வந்தார்கள். அப்புறம் ஒரு கூட்டமே வந்தது. ஃப்ளாரன்ஸின் வரிசை நீண்டு, ஒரு பலாமரத்தைச் சுற்றி வளைந்து போனது. அங்கேயும் நம் ஊர் போலப் பலாமரம், காய் தொங்கிக்கொண்டு. மரத்துக்குப் பின்னால், பள்ளிச் சிறுமிகள் போலிருந்த இளம் பெண்களுக்கும் பின்னால், வெள்ளைச் சட்டை போட்ட உயரமான மனிதர் ஒருவர், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கடைசியில் நின்றார். அவர் நின்ற இடத்திலிருந்து தன் மனைவியின் முதுகைக்கூடப் பார்த்திருக்க முடியாது. பென்னி வீடியோவை நிறுத்தி அவர் முகத்தைப் பெரிதாக்கினான். தெளிவாக இல்லை. ஆனால் நிமிர்ந்துதான் நின்றார். அவமானப்பட்டவர் நிற்கும் நிலை இல்லை அது.

அதிகாரி எண்ணி முடித்து ஃப்ளாரன்ஸின் கையைத் தூக்கியதோடு கடைசித் துண்டு முடிந்தது.

அடுத்த முறை அவள் ஷார்ஜா வந்தபோது நான் முதலில் கேட்டது அந்தக் குழந்தைக்காரியைப் பற்றித்தான். அவளுடைய மரவள்ளித் தோட்டத்தைத்தான் போன வருஷம் கணவன் விற்றிருந்தானாம். "தேர்தலன்று வீட்டுக்குப் போனதும் அவளுக்கு என்ன ஆனது?" என்றேன். "ஒன்றும் ஆகவில்லை. சாயங்காலமே நாங்கள் நாலைந்து பெண்கள் அவள் வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டோம்," என்றாள் ஃப்ளாரன்ஸ். "புதுத் தலைவர் வந்திருக்கும்போது எந்த ஆணும் கையை ஓங்க மாட்டான். சாப்பிட்டோம், டீச்சர். ரொம்ப மெதுவாகச் சாப்பிட்டோம். அவன் கோபம் ஆறி எங்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுக்கும்வரை சாப்பிட்டோம்." பேரூராட்சி உறுப்பினர் வேலை என்பது கூட்டமும் காண்ட்ராக்டும் என்று நீ சொன்னாய் அல்லவா. அதையெல்லாம் செல்வம் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துக்கொள். இந்த மாதிரி ஒரு வீட்டில் போய் மெதுவாகச் சாப்பிடுகிற வேலையை அவன் எப்படிப் பார்ப்பான்?

உன் அப்பாவைப் பற்றி ஒன்று சொன்னேன். இன்னொன்றும் சொல்லாவிட்டால் அது நியாயம் ஆகாது. பள்ளி ஆண்டு விழாவில் நான் மேடையில் இருக்கும்போது அவர் எங்கே உட்காருவார் என்று நினைவிருக்கிறதா? நீயும் பக்கத்தில்தான் இருப்பாய். கடைசி வரிசையில், கதவோரம், அழும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தாய்மார்கள் உட்காரும் இடத்தில். மதர் சுப்பீரியரே போய், "சார், முன்னால் வாங்க, ஹெச்.எம். வீட்டுக்காரர் இங்க இருக்கலாமா?" என்று கூப்பிட்டிருக்கிறார். "இல்ல மதர், இங்கன காத்து நல்லா வருது," என்பார். அவருக்குச் சபைக் கூச்சம் என்று நினைத்து எனக்கு வருத்தம்கூட உண்டு. எனக்குச் சின்னம் சொல்லிக்கொடுத்த அதே மனிதர்தான். மனிதர்கள் அப்படித்தான் இருக்கிறார்கள். ஆனால் அவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தால் என் ஆசிரியைகள் ஒவ்வொரு முடிவுக்கும் அவர் முகத்தைப் பார்த்திருப்பார்கள் என்பது, ஃப்ளாரன்ஸின் கணவர் பலாமரத்துக்குப் பின்னால் நின்றதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

நேற்று ரெஜினா பேசினாள். அழவில்லை. அழுவாள் என்று நீ எதிர்பார்த்தால், அவளோடு இத்தனை வருஷம் வாழ்ந்து நீ தெரிந்துகொண்டது குறைவு.

"அத்தை, பேனர் பாத்தீங்களா?"

"பார்த்தேன்."

"அதுல கீழ ஒரு பொம்பள இருக்காளே, அது யாருத்தை? நம்ம சொந்தமா?"

சிரிப்பை அடக்க முடியவில்லை எனக்கு. பிறகு அவள் சிரிக்காமல் சொன்னாள்: "நான் நிக்கேன்த்தை. எனக்கு நிக்கணும். பள்ளிக்கூடத்துப் பின்வாசல்ல மழைன்னா சாக்கடை முட்டுக்கு வருது. அதுக்கு ஆபீசுக்கு நடையா நடந்தது நான்தான். செல்வம் கொழுந்தனுக்கு அந்த வாசல் எங்க இருக்குன்னே தெரியாது. கையெழுத்து மட்டும் போடணும்னா என் பேர் வேண்டாம், வேற யாரையாவது போட்டுக்கிடட்டும். கட்சி சீட்டு இல்லன்னா சுயேச்சையா நிக்கேன். தோத்தா தோக்கேன். உங்க மகன் என்ன சொல்லுவாங்களோ, அதுதான் பயமா இருக்கு."

பயமாக இருக்கிறது என்று சொன்ன கடைசி வாக்கியத்தை நீ இரண்டு முறை படிக்க வேண்டும். அவளுக்கு ஊரைப் பற்றிப் பயமில்லை, கட்சியைப் பற்றிப் பயமில்லை, தோல்வியைப் பற்றியும் பயமில்லை. அந்தப் பயம் உன் ஒருவனைப் பற்றியதுதான். நீ கெட்டவன் இல்லை. மாஸ்டரும் கெட்டவர் இல்லை. நல்ல எண்ணத்தோடுதான் முதல் ஆளாகப் போய் நின்றார். உன்னை விலகிப் போ என்று நான் சொல்லவில்லை. அது வேறொரு தப்பு. மனைவி நிற்கும்போது கணவன் வரிசையில் இல்லாமல் போனால் அதையும் ஊர் பார்க்கும். நீ இருக்க வேண்டும். எங்கே இருக்க வேண்டும் என்பதை அவள் சொல்ல வேண்டும். அந்த ஒன்றைத்தான் நீ இன்னும் அவளிடம் கேட்கவில்லை.

அதனால் நீ கேட்டதை நான் செய்யப் போவதில்லை, எட்வின். பேருக்கு நில் என்று என் வாயால் அவளிடம் சொல்ல மாட்டேன். மேலும் ஒன்று தெரிந்துகொள். சுயேச்சை வேட்பாளரின் மனுவை அதே வார்டில் ஓட்டு உள்ள ஒருவர் முன்மொழிய வேண்டும். யாரைக் கேட்பது என்று ரெஜினா யோசித்தாள். செல்வத்துக்கும் கட்சிக்கும் பயந்து தெருவில் யாரும் கையெழுத்துப் போடத் தயாரில்லை. என் ஓட்டு இன்னும் நம் வீட்டு முகவரியில்தான் இருக்கிறது. போட்டுத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். என் முழுப் பெயரோடு, எல்லோரும் படிக்கும்படி.

வியாழக்கிழமை இரவு ஊர் வந்து சேர்ந்துவிடுவேன். வெள்ளிக்கிழமை மனுத் தாக்கலுக்குக் கடைசி நாள். காலையில் நானும் ரெஜினாவும் பேரூராட்சி அலுவலகத்துக்குப் போகிறோம். செல்வத்திடம் நீயே சொல்லிவிடு. என் வாயால் கேட்டால் அவனுக்குக் கஷ்டமாக இருக்கும். பேனரை அடிக்க வேண்டாம் என்று கடைக்காரருக்கு நான் சொல்லியாகிவிட்டது.

உனக்கு வருஷ லீவு பாக்கி இருக்கிறது என்று ஷீலா சொன்னாள். எடுத்துக்கொண்டு வா. இனி ஓட்டுக் கேட்டு ரெஜினா தெருத்தெருவாகப் போக வேண்டும், அவளோடு நானும் போவேன். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் உன் பிள்ளைகளை அழைத்து வந்து பால் காய்ச்சிக் கொடுத்துப் பாடம் சொல்லித்தர வீட்டில் ஆள் இல்லை.

அம்மா